தும்மல் கணக்கில் சேராத தெரு

நேற்றுக் காலை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினேன். பக்கத்து வீட்டு மலர் சத்தமாக ஒரு தும்மல் போட்டாள். கிளம்பும்போது தும்மல் கேட்டால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தானே போக வேண்டும்? அவள் அம்மா செல்வி பதறிப்போய், "செத்த உக்காந்துட்டுப் போங்கக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே தெருவில் அந்தச் சகுனம் செல்லுபடியாகாத காலம் ஒன்று இருந்தது.

கல்யாணமாகி வந்த புதிதில், உத்தமபாளையத்து ஆபீசுக்குக் கிளம்பிய முதல் நாள் யாரோ தும்மினார்கள். படித்த பெண்ணாக்கும் நான். இருந்தாலும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஆத்தா, இது மில்லுத் தெரு. இங்கன தும்மல் கணக்குல சேராது. பஸ்ஸப் புடி."

எதிரே செல்லையா அண்ணனின் அரவை மில். மிளகாய் வத்தல் அரைக்க ஆரம்பித்தால் தெருவே தும்மும். பெண் பார்க்க வந்தவர்கள் தும்மிக்கொண்டே தட்டு மாற்றியிருக்கிறார்கள். அந்த நெடி என் புடவையிலும் ஏறிவிடும். ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கைத் துடைத்தபடி தள்ளி உட்காருவார். எனக்கோ அது வீட்டு வாசனை.

மில் வந்தபோது சுற்றிலும் சோளக்காடுதானாம். மகள்களைக் கட்டிக்கொடுக்க அண்ணனே காட்டை மனை மனையாக விற்றார். அதில் ஒரு மனையில் வீடு கட்டி வந்தவள்தான் செல்வி. மலர் அப்போது கைக்குழந்தை. மில் ஓடினால் குழந்தைக்கு இழுப்பு வந்து விலா எலும்பெல்லாம் உள்ளே போகும். செல்வி நகராட்சியில் புகார் கொடுத்தாள். தெரு இரண்டாகப் பிரிந்தது. நான் இரண்டு வீட்டிலும் காபி குடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விசாரணைக்குத் தெருவே போனது. தான்தான் முதலில் வந்தவன், லைசென்சும் இருக்கிறது என்றார் அண்ணன். ஆணையர் பொறுமையாகக் கேட்டார். முதலில் வந்தது தப்பில்லை, ஆனால் அதற்காகவே ஒரு தொழில் அங்கேயே நீடிக்க முடியாது, ஊர் வளர்ந்து அது குடியிருப்பவர்களுக்குக் கெடுதலானால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நகராட்சிக்கு உண்டு என்றார். அண்ணன் எழுந்தார். சண்டை போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். செல்வியின் தோளில் கிடந்த குழந்தை கீச்சுக் கீச்சென்று மூச்சு விடுவது அந்த அறை முழுக்கக் கேட்டது.

"நான் வித்த மனையிலதான அய்யா அந்தப் புள்ள மூச்சுக்குத் தவிக்குது. நிப்பாட்டிக்கிறேன்."

ஊருக்கு வெளியே மில் போட்டுப் பார்த்தார். வத்தல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் யார் போவார்கள்? நானும் பாக்கெட் பொடிக்கு மாறிவிட்டேன். அதையும் மூடிவிட்டு, தேவாரம் ஊரில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டார். எதிரே இப்போது செல்போன் கடை.

முதலில் வந்தவருக்கே தெரு சொந்தம் என்றால், பிறகு வந்த குழந்தை எங்கே போய் மூச்சு விடும்? அந்த முடிவு சரிதான். அன்றும் சரி, இன்றும் சரி. ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

நேற்று வாசலில் நின்றபடியே மலரிடம், "மில்லுத் தெருவுல தும்மல் கணக்குல சேராதுடி" என்றேன். நர்சிங் படிக்கிறாள். இழுப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது.

"எந்த மில்லு, பெரியம்மா?" என்றாள்.

செல்வியைப் பார்த்தேன். அவள் குனிந்து கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். நான் படியேறி உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன்.