பிணை நின்றவனின் கடன் அட்டை

காலை எட்டு ஐம்பது. வங்கியின் இரும்புத் திரை பாதிதான் ஏறியிருந்தது; அதன் கீழே காவலாளியின் சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன. பன்வில பஸ்ஸில் நனைந்து வந்த நானும் மனைவியும் கண்டி நகரின் அந்த நடைபாதையில் முதல் ஆட்களாக நின்றோம்.

மகளுக்குப் பல்கலைக்கழக வகுப்புகள் இணையத்தில் தொடங்கிவிட்டன. கண்ணாடி வெடித்த கைபேசியில்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்டிக் கடையொன்றில் மடிக்கணினியை வட்டியில்லாத் தவணைக்குக் கொடுத்தார்கள். கடன் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும், மாத முடிவு வரை. என்னிடம் அட்டை இல்லை.

ஒரு வங்கி ஏற்கெனவே மறுத்திருந்தது. காரணம் சொல்லாத ஒற்றை வரிக் குறுஞ்செய்தி. கடை வாசலில் மேசை போட்டிருந்த வேறொரு வங்கியின் ஆள், சம்பளச் சீட்டு மட்டும் போதும் என்றும், மற்றதைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அவர் தந்த தாளில் பரிசுகள் பெரிய எழுத்தில் இருந்தன. ஆண்டு வட்டி அடியில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிக்கும் அளவில். ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் அறிக்கையில் பதியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இன்னொரு மறுப்பும் அங்கே விழுந்துவிடுமோ என்ற பயத்தில் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுப்புக்குக் காரணம் கேட்கத்தான் மனைவிக்குக் கணக்கிருந்த இந்த மூன்றாவது வங்கிக்கு வந்திருந்தோம். எங்களை அழைத்த அதிகாரி முக்காடு அணிந்த இளம் பெண். கணினியில் என் கடன் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சேர், இந்தப் பாக்கி ஒங்கட லோன் இல்ல. ஒரு த்ரீவீல் லீசிங். நீங்க கேரண்டரா ஈக்கிறீங்க. மாசக்கணக்கா கட்டல்ல."

யாருடைய வண்டி என்று உடனே தெரிந்தது. ஆசிரியர் அறையில் எனக்கு எதிர்க் கதிரையில் இருப்பவர். அரசாங்கச் சம்பளக்காரரின் பிணை எங்கும் செல்லும் என்பதால், எங்கள் தோட்டப் பாடசாலையில் எல்லோரும் எல்லோருக்கும் கையெழுத்திட்டிருந்தோம். நீட்டிய படிவத்தை வாசித்துப் பார்ப்பது அவமரியாதை. நானும் வாசிக்கவில்லை. என் வீட்டுக் கடனுக்குப் பிணை நின்றிருப்பவரும் அவர்தான். அவரிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது?

அந்தப் பாக்கி தீரும்வரை சாதாரண அட்டை கிடைக்காது என்றார் அதிகாரி. ஒரு வழி இருந்தது: நிலையான வைப்பு ஒன்றை ஈடாக வைத்தால் அதன்மேல் அட்டை தருவார்கள்.

என் பெயரில் வைப்பு இல்லை. மனைவி பெயரில் இருந்தது, அதே வங்கியில். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, வேலையை விட்டு நின்றபோது கிடைத்த சேமலாப நிதி. அதை உடைத்துக் கணினி வாங்கலாம் என்று வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். வட்டி போய்விடும் என்று மறுத்திருந்தாள்.

அப்படியானால் அட்டையை அவள் பெயரிலேயே எடுக்கலாம் என்ற அதிகாரி அவள் பக்கம் திரும்பி, யாருக்காவது பிணை நின்றிருக்கிறாரா என்று கேட்டார்.

"கொழுந்து பறிக்கிறவகிட்ட யாரும்மா கையெழுத்துக் கேக்குறாங்க?" என்றாள் மனைவி, சிரிக்காமல்.

அதிகாரிதான் சிரித்தார். பிறகு அடையாள அட்டை எண்ணைத் தட்டினார். பக்கம் திறக்க நேரமெடுத்தது. கணவன் என்ற முறையில் என் பெயர் அவளுடைய அறிக்கையிலும் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று அந்த நேரம் முழுவதும் பயந்தேன்.

"அம்மாட பேர்ல ஒண்டும் இல்ல" என்றார்.

"இவரு போட்ட கையெழுத்து என்னைய வந்து பிடிக்காதே?"

"இல்லம்மா. ஆனா இந்தக் கார்டுக் கடன் முடியிற வரைக்கும் அந்த டிபாசிட்ட எடுக்க ஏலா."

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்து, அதிகாரியிடம் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டச் சொன்னாள். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் கையெழுத்திட்டாள்.

அதன் பிறகு தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் வகுப்பின் நடுவே நிறுத்தி ஜன்னலைப் பார்த்தேன். எதிர்க் கதிரைக்காரர் வழக்கம்போல் தேநீர் வாங்கித் தந்தார். குடித்தேன்.

சலுகை முடிவதற்கு முதல் நாள் மனைவி பெயரில் அட்டை வந்தது. மடிக்கணினி வாங்கினோம். தவணை இருபத்துநான்கு மாதம்.