குடோன் சுவரில் அண்ணன்

பெரம்பலூரில் எனக்கு ஒரு ஃபிரேம் கடை. இருபது வருஷமாகச் சட்டம் அடிக்கிறேன். அதனால் படம் என்றால் எனக்கு இரண்டே வகைதான்: சாமி, இல்லையென்றால் செத்தவர். நடுவில் தலைவர்கள் படமும் வரும். அவர்களையும் கட்சிக்காரர்கள் இந்த இரண்டில் ஒன்றில் சேர்த்துவிடுவார்கள். ஒருவர் சும்மா ஒரு படம் வரைவார், அதைச் சும்மா பார்த்துவிட்டு வர இன்னொருவர் பஸ் ஏறிப் போவார் என்று யாராவது சொல்லியிருந்தால், வேறு வேலை இருந்தால் பார் என்று அனுப்பியிருப்பேன்.

என் வாயை அடைத்தது அக்கா. அவள் வாழ்க்கைப்பட்டது அரியலூரில். மாமாவுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு பழைய நெல் குடோனைக் கொஞ்சம் பேர் சேர்ந்து சுத்தம் செய்து, வெள்ளையடித்து, ஓவியக்கூடம் ஆக்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே வகுப்பு. அக்கா போய்க்கொண்டிருந்தாள். ஒரு தை மாதம் கண்காட்சி வைப்பதாகச் சொல்லி, வந்த படங்களுக்கெல்லாம் என்னைச் சட்டம் போடச் சொன்னாள்.

"நீயே கொண்டாந்து மாட்டிக் குடுத்துட்டுப் போ. பஸ்ல போட்டுவுட்டு ஒடச்சுடாத" என்றாள்.

திட்டிக்கொண்டேதான் போனேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் தூசி குடித்துக்கொண்டு, கண்ணாடிகளுக்கு நடுவில் பழைய போர்வை திணித்து, ஒரு குட்டி யானை வண்டியில் போய் இறங்கினேன். உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

எதிர்ச்சுவர் முழுக்கக் கடல். அரியலூர் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சங்கும் சிப்பியும் கல்லாகக் கிடக்கும். என் கடையில்கூட பில் பறக்காமல் இருக்க ஒரு கல்நத்தையைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் தெரிந்திருப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. அந்தச் சுவரில் கடலுக்கு அடியில் இன்றைய பஸ் ஸ்டாண்டு இருந்தது. டீக்கடை, கட்டைப்பையோடு பெண்கள், ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், ஒருத்தர் வாட்சைப் பார்க்கிறார். எல்லார் மேலும் பச்சை வெளிச்சம். அவர்கள் தலைக்கு மேலே, லாரிச் சக்கரம் அளவுக்குச் சுருண்ட நத்தைகள் மிதந்து போகின்றன. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், வெளியே வந்துதான் மூச்சு விட்டேன்.

வரைந்தவர் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடுகிற மெஷின் ஓட்டுகிறவராம். என் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். "போட்டுக்கிட்டே வரலாம்னுதான் சொன்னாங்க சார். எனக்குத்தான் மனசு வரல" என்றார். குனிந்து பார்த்தேன். நானும் எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை, வெறுங்காலில் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கே படம் மாட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் போக ஆரம்பித்தேன். "பொண்ணு பாக்கப் போறவராட்டம் சட்டை மாத்திக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க?" என்று வீட்டில் கேலி. நம் பக்கத்தில் இதற்கென்று பெரிய கட்டடம் எதுவும் கிடையாது. நூலக மாடியில் நடக்கும், ஏதாவது கல்லூரி வராந்தாவில் நடக்கும். பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிற பெண்கள் வரைந்ததை வைத்திருந்தார்கள். அத்தனை பேரும் அவரவர் உள்ளங்கையை மட்டும் வரைந்திருந்தார்கள். நாற்பது கைகள், சாப்பாட்டு மேஜைகளுக்கு மேலே வரிசையாக. ஒரு கையைக் காட்டி, "இந்த ரேகை என்ன இப்பிடிக் குறுக்கால போவுது?" என்று பெரிய ஜோசியக்காரன் போலக் கேட்டுவைத்தேன். "அது ரேகை இல்லைங்க. அருவா பட்டது" என்றது அதை வரைந்த அம்மா. எனக்கு முகம் செத்துப்போயிற்று. அன்று சாயந்திரம் கடைக்குத் திரும்பி என் கைகளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாமே இப்படி என்றும் சொல்ல முடியாது. வெறும் நீலமாக ஒரு படத்தை மாட்டிவிட்டு அரை மணி நேரம் விளக்கம் சொன்னார் ஒருத்தர். "நீங்க கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா படம் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போனாள்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, அக்கா குடோனின் உள்ளறையிலிருந்து துணி போர்த்திய ஒரு படத்தைத் தூக்கி வந்தாள். துணியை எடுத்தாள். படத்தில் எங்கள் அண்ணன் இருந்தான்.

அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்காவுக்கு அடுத்தவன், எனக்கு மூத்தவன். டிரைவர் வேலைக்கு சவுதிக்குப் போனான். இரண்டு வருஷம் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தான். அப்புறம் போன் நின்றுவிட்டது. பதினோரு வருஷம் ஆகிறது. கம்பெனியை விட்டு எப்போதோ போய்விட்டான் என்பதற்கு மேல் எந்த ஆபீஸிலும் எங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்து லப்பைக்குடிக்காட்டில் பாதிக் குடும்பங்களுக்குச் சவுதியில் ஆள் உண்டு. தெரிந்த பாய் ஒருத்தர் இன்னும் எனக்காக விசாரித்துக்கொண்டிருக்கிறார். "கெடைச்சிருவாப்ல, இன்ஷா அல்லாஹ்" என்பார். அம்மா கிருத்திகைக்குக் கிருத்திகை செட்டிகுளம் மலை ஏறுகிறாள். அவன் ஃபோட்டோ ஒன்று வீட்டில் மாட்டியிருந்தது. யாரோ உறவுக்காரர் வந்தபோது அதைப் பார்த்து, "எப்பத் தவறுனாரு?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கே அம்மா அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவனைப் பற்றிப் பேச்சே கிடையாது.

அக்கா வரைந்திருந்தது அந்த ஃபோட்டோவில் இருக்கிற அண்ணனை இல்லை. காதோரம் நரைத்து, நெற்றி ஏறி, கண்ணுக்குக் கீழே கருத்து, ஐம்பதைத் தொடப்போகிற அண்ணன்.

"ஆறு வருஷமா வரையுறேன். ஆடி பொறந்தா எடுப்பேன். அவனுக்கு ஒரு வயசு ஏத்திட்டு வச்சிருவேன்" என்றாள்.

"ஆறு படமா?"

"ஒண்ணுதான். இது மேலயேதான். போன வருஷத்து ஆளு இதுக்கு அடியில இருக்கான்."

என் கடைக்கு வருகிற முகங்களுக்கு வயது ஏறாது. முப்பதில் போனவர் முப்பதிலேயே இருப்பார். அவர் மகன் நரைத்த தலையோடு வந்து கண்ணாடி மாற்றிக்கொண்டு போவான். இவள், உயிரோடு இருக்கிறவனுக்கு மட்டும் நடக்கிற ஒன்றை அண்ணனுக்கு வருஷா வருஷம் செய்துகொண்டிருந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல். என் அக்காவைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"இந்தத் தை மாசம் இத மாட்டப்போறேன். அம்மாவ அழச்சுட்டு வந்து காட்டணும்" என்றாள்.

"அம்மா தாங்குமா?"

"அவன் பேரச் சொல்லாமயே இருக்குறதத்தான் அதால தாங்க முடியல. நீ சட்டம் மட்டும் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். இருக்கிறதிலேயே நல்ல தேக்குச் சட்டம். அரியலூர்த் தூசிக்குப் பயந்து கண்ணாடியும் போட்டேன். வேலை செய்யும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், குப்புறப் போட்டே செய்து முடித்தேன்.

கண்காட்சி அன்று அம்மாவைப் பெரம்பலூரில் பஸ் ஏற்றிவிட என் மனைவியிடம் சொல்லிவிட்டு, நான் விடியற்காலையிலேயே குடோனுக்குப் போய்விட்டேன். முந்தின நாளே எல்லாம் மாட்டியாகிவிட்டது. நானும் அக்காவும் வாசலில் நாற்காலி போட்டுவிட்டு உள்ளே வந்தோம். அண்ணன் கழுத்தில் சாமந்தி மாலை. நெற்றியில், கண்ணாடி மேல், சந்தனமும் குங்குமமும். கீழே ஒரு ஊதுபத்தி வேறு புகைந்துகொண்டிருந்தது.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் கத்தினேன். எவன் செய்தான், எவன் கையை உடைக்கவேண்டும் என்று குடோன் அதிரக் கத்தினேன். கூடத்தைப் பெருக்குகிற ஆயா துடைப்பத்தோடு ஓடிவந்தது. குத்துவிளக்குக்கு வாங்கியதில் ஒரு மாலை மீந்ததாம்.

"நான்தாங்க போட்டேன். மாலை போட ரெண்டு ஆணி அடிச்சு வச்சிருக்கீங்களே, யாரும் போடாம மொட்டையா இருக்கே, பாவம்னு போட்டேங்க. தப்புங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். சட்டத்தின் மேல் விளிம்பில், இடமும் வலமும் இரண்டு சின்னப் பித்தளை ஆணிகள். செத்தவர் படத்துக்கு மாலை மாட்ட நான் அடிப்பவை. சாமி படத்துக்கு நடுவில் ஒன்றுதான் அடிப்பேன். உயிரோடு இருப்பவர்களுக்கு அடிப்பதே இல்லை. அடித்தது நினைவில்கூட இல்லை. இருபது வருஷப் பழக்கம், கை அதுபாட்டுக்குச் செய்துவிட்டது என்று அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. பழக்கம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன். அதை எனக்கு முன்னால் என் கை சொல்லிவிட்டது.

"நான் அடிச்ச ஆணிதான்க்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப நீயே புடுங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாலையைக் கழற்றி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

கொறடு தேடி எடுத்து வந்தேன். ஒரு ஆணியைப் பிடுங்கியிருப்பேன், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அம்மா இறங்கி, வயர்கூடையைத் தூக்கிக்கொண்டு, வழியில் இருந்த எந்தப் படத்தையும் பார்க்காமல் நேராக எங்களிடம் வந்தாள். வந்தவள் நின்றாள்.

அம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் உதிர்ந்திருந்த சாமந்தி இதழ்களை. பிறகு என் கையில் இருந்த கொறடை. ஃபிரேம் கடைக்காரனைப் பெற்றவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"இன்னொண்ணு இருக்கு பாரு. அதயும் எடு" என்றாள்.

எடுத்தேன். அம்மா கையை நீட்டி இரண்டு ஆணிகளையும் வாங்கி, வாசலுக்குப் போய்ச் சாக்கடையில் எறிந்துவிட்டு வந்தாள். வந்து, மூக்குக் கண்ணாடியைப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்துக்குக் கிட்டத்தில் போனாள். அவ்வளவு கிட்டத்தில் அங்கே யாரும் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. நரையைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். பதினோரு வருஷமாக அவளுக்குத் தெரியாமல் போன ஒவ்வொன்றையும் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

"நரச்சுட்டான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நரைக்கிற வயசுதான். ஆனா ஏன்டி இப்பிடி மெலிஞ்சு கெடக்கான்? ஒழுங்கா சாப்புடறது இல்லையா?"

"அடுத்த ஆடிக்கும் வரைவேம்மா" என்றாள் அக்கா.

"அப்ப அடுத்த தைக்கும் நான் இங்க வந்து பாத்துக்குறேன். கன்னத்துல கொஞ்சம் சதை போட்டு வரையி."

"எப்பிடிம்மா போடுறது? நான் என்ன மனசுலேர்ந்தா வரையுறேன்? தம்பிய நிறுத்தி வச்சுப் பேசிட்டே, அவன் மூஞ்சியப் பாத்துப் பாத்துதான் பெரியவனுக்கு வயசு ஏத்துறேன். அவன் மெலிஞ்சா இவனும் மெலியத்தான் செய்வான்."

இது எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு படத்தை. மறுபடியும் என்னை. என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். நான் சின்னப் பிள்ளை மாதிரி நின்றேன்.

"கடை கடைன்னு மதியச் சோத்த நாலு மணிக்குத் தின்னா அவன் எப்பிடிடா தேறுவான்?" என்றாள்.

அன்று குடோனில் சாம்பார் சாதம் போட்டார்கள். வழக்கமாக ஒரு கரண்டியோடு எழுந்துவிடுகிறவன், இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டு, சுவரில் இருந்த அண்ணனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டு காலியாவதற்குள் அம்மா இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தட்டை நீட்டினேன்.