பெண்கள் பக்கத்துத் தொண்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, நாடகக் கம்பெனி காஞ்சிபுரத்தை விட்டுப் போயிற்று. திரைகளும் அட்டைக் கிரீடங்களும் மாட்டுவண்டியில் முன்னால் போயின. பின்னால் குதிரைவண்டியில், ராணி வேஷம் கட்டும் ஆதிகேசவன் அரிதாரம் இல்லாமல், சவரம் செய்யாத முகத்தோடு ஸ்டேஷனுக்குப் போனான். பிள்ளையார்பாளையத்துத் தெருமுனையில் நின்ற செல்லியம்மாளுக்கு அவன் போவதைக்கூடத் தாங்க முடிந்தது. அந்தத் தாடியைத்தான் தாங்க முடியவில்லை.

வீடு திரும்பியதும் அவள் புருஷன் கைலாசம் தறியிலிருந்து தலையைத் தூக்கினான்.

"இன்னாமே, உன் ராணி புருஷன் வூட்டுக்குப் போயிட்டாங்களா? சீர் கொடுத்து அனுப்பினியா?"

"இழை அறுந்துக்கினு கெடக்குது, அதைப் பாருய்யா" என்று அவள் பட்டுநூல் சுற்ற உட்கார்ந்தாள்.

செல்லியம்மாள் ஐயம்பேட்டையில் பிறந்தவள். ஒரே கூடத்தில் நாலு தறி ஓடிய வீடு. மெதுவாகப் பேசுகிற பிள்ளைக்கு அங்கே சோறு கிடைக்காது. "பொம்பளைக்கு இது தொண்டையா, கொம்பா?" என்று மாமியார் சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தொண்டைக்கு ஒரு மரியாதை கிடைத்தது நாடகக் கொட்டகையில்தான்.

ஆண்கள் பக்கத்தில் யாருக்காவது பாட்டுப் பிடித்தால் "ஒன்ஸ் மோர்!" என்று கத்துவார்கள், நடிகன் மறுபடி பாடுவான். பெண்கள் கத்துவதில்லை. ஒருநாள் ஆதிகேசவன் ராணியாக அழுது பாடி முடித்தபோது, பக்கத்தில் இருந்த ஐயங்கார் வீட்டு அம்மாள் ஒருத்தி, "இன்னொரு தரம் பாடப்படாதோ" என்று தனக்குள் முனகினாள். செல்லியம்மாள் யோசிக்கவில்லை. "ஒன்சுமோரு!" என்றாள். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. ஆதிகேசவன் பெண்கள் பக்கமாக நகர்ந்து வந்து, முதல் அடியிலிருந்து பாடினான்.

அந்த அம்மாள் சின்னக் காஞ்சிபுரத்து நாமகிரி. அன்று முதல் அவளும், செல்லியம்மாளும், மருத்துவச்சி மேரியும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். ஆதிகேசவன் வைப்பதுபோல் இடப்பக்கமாகப் பூ வைத்துக்கொண்டார்கள். ராஜா வேஷக்காரன் பாடினால் வேண்டுமென்றே சத்தமாகப் பாக்கு வெட்டினார்கள். நாமகிரியின் கை செல்லியம்மாளின் முழங்காலை அழுத்தினால் கத்த வேண்டும் என்று அர்த்தம். மடிக்காரி தன்னைத் தொடுகிறாள் என்பது சில நாள் கழித்துத்தான் செல்லியம்மாளுக்கு உறைத்தது. அதற்குள் அது வழக்கமாகிவிட்டிருந்தது.

கம்பெனி போன மறு வருஷம் வைகாசியில், வரதராஜர் கருட சேவைக் கூட்டத்தில் நாமகிரியைப் பார்த்தாள். நாமகிரி தன் வீட்டாரோடு நின்றாள். செல்லியம்மாள் சிரித்தாள். நாமகிரியின் பார்வை அவள் முகத்தில் ஒரு கணம் நின்று, அடையாளம் கண்டு, பெருமாளின் குடையைப் பார்க்கப் போய்விட்டது.

அன்று மாலை மேரியிடம் பொரிந்தாள். "கத்தறதுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்துது, நான் இருந்தேன். அவ்ளோதானே நான்?"

"மாமியார் பக்கத்துல நிக்கும்போது உன்னைக் கட்டிப் புடிச்சுக்கணுமா? அவங்க நெலமை அதும்மா."

"கொட்டாயில மட்டும் மாமியார் இல்லியா?"

"இல்லியே. அதுக்குத்தானே அங்க வந்தாங்க" என்றாள் மேரி.

அந்தப் பதில் செல்லியம்மாளுக்குப் போதவில்லை. பிறகு வேறு கம்பெனிகள் வந்தன. பேசும் படமும் வந்தது. கைலாசமே கூப்பிட்டும் அவள் எதற்கும் போகவில்லை. ஆதிகேசவன் பேச்சை மேரி எடுத்தால்கூட நூலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பூவை மட்டும் பழைய பக்கத்திலேயே வைத்தாள்.

முப்பத்துநாலில் ஒரு மத்தியானம் மேரி வந்தாள். நாமகிரியின் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தாள். ஓடிக்கொண்டிருந்த தறியைக் கைலாசம் நிறுத்தினான்.

"ஆதிகேசவன் மதுரையில செத்துட்டாராம்மா. பேப்பர்ல ஒரு வரி போட்டிருந்துதாம். அந்த வீட்டு ஐயங்கார் அதைப் படிச்சுட்டு, 'எவனோ கூத்தாடி போயிட்டான்'னு மடிச்சு வெச்சுட்டாராம். நாமகிரியம்மா கண்ணு செவந்திருந்துது. வீட்டுல அடுப்புப் புகைன்னு சொல்லியிருக்காங்க. உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க. அவங்க சொன்னபடியே சொல்றேன், கேட்டுக்க."

செல்லியம்மாள் ராட்டையை விட்டுக் கையை எடுத்தாள்.

"'இதை எங்காத்துல யாரண்ட சொல்லி அழறது? அமாவாசைக்கு விடிகாலையில ஓரிக்கை ஆத்துக்குக் குளிக்க வரேன். அவளை வரச் சொல்லு. அன்னிக்குக் கருட சேவையில நான் பண்ணினதுக்கு, அவ வரலைன்னா அதுவும் நியாயந்தான்.'"