முகவரியோடு போன பெயர்

2006-ஆம் வருடம், ஹைதராபாத் அமீர்பேட்டில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தங்கி சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்துக்கொண்டிருந்தேன். என் அறையில் கரூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். எனக்கு டைஃபாய்டு வந்தபோது ஒரு வாரம் வகுப்புக்குப் போகாமல் கூடவே இருந்து கஞ்சி கொடுத்தவர்.

இமெயில் முகவரி யார் கேட்டாலும், ஒரு பூவின் பெயரும் நாலு எண்களும் சேர்ந்த ஒன்றைத்தான் கொடுப்பார். சினிமா நடிகை மாதிரி புனைபெயரா என்று ஒருநாள் கேலி செய்தேன். அப்போதுதான் சொன்னார். அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வந்திருக்கிறார். பழைய மெயிலின் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும்.

"இதுல எம்பேரு எங்கயும் இல்ல கண்ணு. அதனாலதான் தூக்கம் வருது" என்றார்.

அடுத்து வந்த பொங்கலுக்கு முன்னால் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தெரிந்த தமிழ்க்காரர்கள் நாற்பது பேருக்கு ஒரே மெயில் அனுப்பினேன். பொங்கலன்று எங்கள் ஹாஸ்டல் வாசலில் கூடி கோயிலுக்குப் போகலாம், என் அறைத்தோழிக்கு இன்ன கம்பெனியில் வேலை கிடைத்ததையும் கொண்டாடலாம் என்று. அக்காவின் பெயரை எழுதவில்லை. அந்தக் கவனம் எனக்கு இருந்தது.

ஆனால் என் முகவரிப் பட்டியலில் அந்தப் பூ முகவரியை அக்காவின் முழுப் பெயரோடு சேமித்து வைத்திருந்தேன். அக்காவுக்கும் அதை அனுப்பியதால், மெயிலின் பெறுநர் வரிசையில் அந்தப் பெயரும் சேர்ந்தே நாற்பது பேருக்கும் போயிருக்கிறது. அதில் யாரோ ஊர் நண்பர்களுக்கு அனுப்ப, அது எங்கெங்கோ சுற்றியிருக்கிறது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி வாங்கக் கீழே இறங்கினேன். கேட்டருகே ஒருவர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான பேச்சு. என் பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்று தமிழில் கேட்டார். யாரோ தெரிந்தவர் என்று நினைத்துத் தலையாட்டினேன். கையிலிருந்த காகிதத்தை நீட்டினார். என் மெயில். அக்காவின் பெயருக்கு அடியில் பேனாவால் கோடு.

"மேலதான இருக்கறா? வரச் சொல்லுங்க."

காலி செய்துவிட்டுப் போய்விட்டார் என்றேன். அவர் நம்பவில்லை. எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தார்.

மேலே ஓடி, அழுதுகொண்டே சொன்னேன். அக்கா ஜன்னல் ஓரமாக எட்டிப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "கம்பெனி பேரும் எழுதியிருக்கியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அக்கா ஃபைலில் இருந்த வேலை உத்தரவை எடுத்து இரண்டாகக் கிழித்தார். துணிகளை அடுக்க ஆரம்பித்தார்.

நான் காலைப் பிடித்தேன். "தெரிஞ்சா பண்ணுன? உடு கண்ணு" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

வார்டன் அம்மா சமையலறைப் பின்கதவைத் திறந்துவிட்டு, தன் தம்பியின் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். எங்கே போகிறேன் என்று அக்கா என்னிடம் சொல்லவில்லை. அதுவரை எதையும் என்னிடம் மறைத்ததில்லை அவர்.

ஒரு வாரம் கழித்து மெயில் எழுதினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.

இன்று யாரைப் பற்றியும் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கத் துடித்தாலும், இத்தனை வருடமாக அவர் பெயரைத் தேடாமல் இருப்பது ஒன்றுதான் நான் அவருக்குச் செய்ய முடிந்த உதவி.