விட்டயச்சு என்றால் விட்டாச்சு அல்ல

எழுபதுகளில் மலையாளச் சீமையில் சூரியநெல்லிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் போனஸ் கேட்டு நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எஸ்டேட் ஆபீஸ் ஜன்னலில் ஒரு கல் விழுந்தது. கண்ணாடிச் சில்லு தெறித்து உள்ளே நின்ற வாச்சரின் நெற்றி கிழிந்தது. எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வாச்சருக்கு அடுத்த வீடு. கூட்டத்தில் முன்னால் நின்றவர் என் வீட்டுக்காரர். போலீஸ் அவர் மேல் கேஸ் போட்டது. தண்டனை ஆனால் எஸ்டேட் வேலையிலிருந்து அவர் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்து வீடும் போகும். எனக்கு அப்போது நிரந்தர வேலை கிடையாது. பிள்ளைகளோடு எங்கே போவது?

பிறகு போனஸ் பேச்சு ஒப்பந்தத்தில் முடிந்தது. அதன்படி சர்க்கார் வக்கீல் கேஸை வாபஸ் வாங்கினார். வீட்டுக்காரர் ஜீப்பை விட்டு இறங்கும்போதே கத்தினார்.

"ஏட்டி, விட்டாச்சு! கோர்ட்டுலயே வாய்விட்டுச் சொல்லிட்டாங்க, விட்டாச்சுன்னு!"

அன்றைக்கு லயம் முழுக்கக் காப்பி கொடுத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒப்பந்தம் முறிந்தது. கையோடு ஒரு போலீஸ்காரர் சம்மனுடன் வந்தார். அதே கல், அதே நெற்றி.

"செத்த பாம்பை எத்தன தடவ அடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு அறியில்ல, வக்கீலிடம் போயி சோதிக்கு," என்று மலையாளத்தில் வக்கீலைக் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு விஷயம் புரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் வக்கீலின் குமாஸ்தாவைத் தேடிப் போனேன். அவர் மலையாளி, என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"விட்டாச்சுன்னு ஆரு பறஞ்சது? 'விட்டயச்சு'ன்னாக்கும் வாயிச்சது!"

கோர்ட்டு மலையாளத்தில் விட்டயச்சு என்றால் இப்போதைக்கு அனுப்பிவைத்தது என்று அர்த்தமாம். அதே கேஸை மறுபடி கொண்டுவரலாமாம். 'வெறுதே விட்டு' என்று சொன்னால்தான் அடியோடு தீர்ந்ததாம். இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று விடாமல் துளைத்தேன். கோர்ட்டில் குற்றத்தை வாசித்துக் காட்டும் முன்னால் வாபஸ் வாங்கினால் அது விட்டயச்சது. வாசித்த பிறகு வாங்கினால் வெறுதே விட்டது.

"அப்ப குத்தத்த வாசிக்க வச்சிட்டு வாபஸ் வாங்கச் சொல்லலாமுல்ல?"

குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாசித்த பிறகு எஸ்டேட்டோடு சமரசம் வராவிட்டால் விசாரணை நடந்தே தீரும் என்று எச்சரித்தார். எங்கள் வக்கீலும் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார். லயத்திலோ சிரிப்பு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாள், புருஷன் மேல் குற்றம் வாசிக்கச் சொல்லும் பெண்டாட்டியை எங்கேயாவது பார்த்ததுண்டா என்றார்கள். 

கோர்ட்டில் குற்றத்தை வாசித்துவிட்டு, செய்தாயா என்று கேட்டார்கள். "இல்லீங்க" என்று அவர் சொன்னது வராந்தாவில் நின்ற எனக்கே கேட்டது. விசாரணை தொடங்கும் முன்பே நல்லவேளையாகப் புது ஒப்பந்தம் வந்தது. மறு வாய்தாவில் வாபஸ். இந்தத் தடவை 'வெறுதே விட்டு' என்றுதான் வாசித்தார்கள். குமாஸ்தாவை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

ஜீப்புக்குக் காத்திருந்தபோது வீட்டுக்காரர் கேட்டார். "இனி இந்தக் கேஸ யாரும் தொட முடியாதா?"

"முடியாது."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்னா தெரியும்."

"அப்பச் சொல்லுதேன். கல்ல எறிஞ்சது நாந்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே, வீடு தப்பித்தது என்ற நிம்மதியும் போகவில்லை. ஜீப் வந்ததும் அவரை முன்னால் ஏறவிட்டு, நான் பின்சீட்டில் தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

லயத்துக்கு வந்தபோது வாச்சர் பெண்டாட்டி வாசலில் நின்றாள். "கேஸ் என்னாச்சு, அக்கா?" என்றாள்.

"விட்டுட்டாங்க" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நல்லதாப் போச்சு," என்றாள். "அண்ணன் செஞ்சிருக்க மாட்டாருன்னு இவுக அன்னைக்கே சொன்னாக."