துணிக்கொடி கட்டிய மாமரம்

நான் தாவரவியல் பட்டதாரி. இதை வெளியில் சொல்வதில்லை. சொன்னால் யாராவது ஒரு செடியைக் காட்டிப் பெயர் கேட்டுவிடுகிறார்கள். கல்லூரியில், தண்டின் குறுக்குவெட்டை வண்ணப் பென்சிலால் வரைவதில் மட்டும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தண்ணீரை மேலே ஏற்றும் சைலத்துக்குச் சிவப்பு. இலையில் சமைத்ததைக் கீழே இறக்கும் புளோயத்துக்கு நீலம். அந்த ரெக்கார்டு நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. படிப்பும் அதோடு அங்கேயே தங்கிவிட்டது. நான் மட்டும் இறங்கி வந்து அலுவலக வேலைக்குப் போய்விட்டேன்.

கோவில்பத்தில் வீடு கட்டிக் குடிவந்தபோது, என் மனைவி திருவேட்டக்குடியில் இருக்கும் தாய்வீட்டிலிருந்து ஒரு மாங்கன்றை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்து நட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு இரண்டாம் இடம். மரம் தொடைப் பருமன் ஆனதும் துணி காயப்போட நான்தான் கம்பி இழுத்தேன். ஒரு முனை தென்னையில், மறுமுனை மாமரத்தில். கொறடால் இரண்டு முறுக்கு கூடுதலாகவே போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்து உறுதியாக நின்ற வேலை அது ஒன்றுதான்.

இந்த வருஷம் மாமரம் இலை தெரியாமல் பூத்தது. காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. வாசலில் மீன் விற்க வரும் மண்டபத்தூர் அக்காவிடம் செதிலும் குடலும் வாங்கி மரத்தடியில் புதைத்திருந்தேன். அதுதான் காரணம் என்று தெருவுக்கே பாடம் எடுத்தேன். அடுத்த வீட்டு அண்ணன் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். என்னை நம்பி அவரும் புதைத்தார். அதற்காக வந்த பூனைகள் இன்னும் அவர் வீட்டைவிட்டுப் போகவில்லை. அவர் மரம் ஒரு பூகூடப் பூக்கவில்லை.

"பக்குவம் பத்தலண்ணே" என்றேன், கூசாமல்.

ஆவணியில் ஒருநாள், துணி காயப்போடப் போன மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. கம்பி மரத்துக்குள்ளயே போயிருச்சு."

போய்ப் பார்த்தேன். கம்பி பட்டைக்குள் முழுசாகப் புதைந்திருந்தது. அதற்கு மேலே என் தொப்பை மாதிரி வீக்கம். கீழே அடிமரம் ஒடுங்கியிருந்தது. நுனி இலைகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. எனக்குப் பரணில் இருந்த நோட்டு தலையில் விழுந்தது போலாயிற்று. நான் பார்த்துப் பார்த்து நீலம் தீட்டிய வளையம் பட்டையில்தான் இருக்கிறது. கம்பி அதை நெரித்துவிட்டது. உள்கட்டை வழியாகத் தண்ணீர் ஏறியதால் இத்தனை நாள் மேலே பச்சை மாறவில்லை. இலை சமைத்தது இறங்கத்தான் வழியில்லை. அத்தனையும் கிளைகளிலேயே தேங்கியதால் வந்ததுதான் அந்தப் பூவும் காயும். மேலே கல்யாண விருந்து, கீழே வேருக்குப் பட்டினி. மீனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தென்னைக்கு அந்தக் குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். அது அதே கம்பியைக் கட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றது.

"பொழைக்குமா?" என்றாள்.

"வேர்ல சேத்து வச்சது தீர்றதுக்குள்ள வழி பண்ணுனா பொழைக்கும்."

"நீங்க படிச்சதுதானே இது?"

"அதான் பயமா இருக்கு."

கம்பியை வெட்டி எடுத்து, செத்த பட்டையைச் செதுக்கினேன். அதே மரத்தின் விரல் பருமன் குச்சிகளைக் காயத்துக்கு மேலும் கீழும் உயிருள்ள பட்டையில் செருகிப் பாலம் போட வேண்டும். நான்கு குச்சி வெட்டினேன். முதல் குச்சியைச் செருகப் போன கையை அவள் பிடித்தாள்.

"தலைகீழா வைக்கிறீங்க."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"இலை உதிர்ந்த தழும்பு தெரியுதுல்ல? அதுக்கு மேலதான் மொட்டு இருக்கும். அப்ப இதுதான் மேப்பக்கம்."

அவள் படித்தது வணிகவியல். நான் குச்சியைத் திருப்பினேன்.

பாலிதீன் நாடாவால் சுற்றிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு அண்ணன் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, மரத்துக்குக் கட்டு?"

மனைவி என்னைப் பார்த்தாள். "சொல்லுங்களேன்."

மீனிலிருந்து கம்பிவரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திரும்பித் தன் வாசல் பூனைகளைப் பார்த்தார்.

"அப்ப நான் பூனை வளத்ததுதான் மிச்சம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கம்பி எத்தனாம் நம்பர் தம்பி?" என்றார்.

பேசிப் பேசி அவர் மரத்தைக் காப்பாற்ற எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

அடைமழை முடிந்து பார்த்தால் இரண்டு குச்சிகள் காய்ந்திருந்தன. மற்ற இரண்டும் பிடித்துக்கொண்டு, செம்பு நிறத்தில் துளிர் விட்டிருந்தன. பாலத்தில் வரும் துளிரைக் கிள்ளிவிட வேண்டும் என்றேன். "இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுங்க" என்று அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உச்சியிலும் புது இலை வந்திருந்தது.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டக் கயிறும் ஏணியுமாகப் போனேன்.

"மாமரத்துலயே கட்டிடட்டுமா?"

அவள் தென்னையைக் கையால் காட்டினாள்.