எட்டு மணிப் பால்

போன வாரம் என் மனைவி டிரங்குப் பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கிக் கூடத்தில் வைத்தாள்.

யுத்த காலம். குண்டுக்குப் பயந்து ஊரைக் காலி செய்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். குண்டுக்குப் பயந்த மதராஸ்காரர்களே மதுரைக்கு வந்துதான் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். பாக்கியம் பயந்தது ஜப்பான்காரனுக்கு அல்ல. என் டைம்பீஸுக்கு.

விவரமாகச் சொல்கிறேன். தல்லாகுளத்தில் எங்கள் வீட்டில் மொத்தம் மூன்று பேர். நான் சர்க்கார் குமாஸ்தா. ஃபைலில் எழுதியது போக மிச்சமிருக்கும் கைவலியோடு பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுதுகிறவன். பாக்கியம், உசிலம்பட்டிப் பக்கத்தில் உழுது பயிரிடும் சம்சாரி வீட்டுப் பெண். மூன்றாவது ஆள் எங்கள் மகள் சிவகாமி. வயது ஒன்பது மாதம்.

சிவகாமிக்கு நாலு மாதம் ஆனபோது பாக்கியம் டைபாய்டில் படுத்தாள். தாய்ப்பால் வற்றிவிட்டது. பசும்பாலுக்கு மாறினோம். குழந்தை அழுதபோதெல்லாம் பக்கத்து வீட்டு அம்மாள் சங்கில் பால் புகட்டினார். நல்ல மனசு. ஆனால் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டுவிட்டது. மூன்று நாள் ஓயாமல் அழுதாள். நாலாம் நாள் அழுகையை நிறுத்திவிட்டாள். அழாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

ஆஸ்பத்திரி லேடி டாக்டர் பிழைக்க வைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "கண்ட நேரத்தில கொடுக்காதீங்க. மணி பார்த்துப் பால் கொடுங்க."

அன்று சாயங்காலமே டைம்பீஸ் வாங்கினேன். ஃபுல்ஸ்கேப் தாளில் அட்டவணை எழுதினேன். காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஐந்து, இரவு எட்டு. எட்டு மணிக்கு ஒரு ஆழாக்குப் பால், பிறகு தூக்கம். எட்டேகாலுக்கு மேல் காலை ஆறு மணி வரை ஒன்றும் கொடுக்கலாகாது. கீழே கையெழுத்தும் தேதியும் போட்டுச் சுவரில் ஒட்டினேன். பழக்கதோஷம்.

நாலு மாதம் எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. குழந்தை தேறினாள். கன்னத்தில் சதை வைத்தது. எட்டு மணிக்குப் பால் குடித்தால் எட்டேகாலுக்குக் கண் சொருகும். ஆபீஸில் கூட எந்த உத்தரவும் இவ்வளவு ஒழுங்காக அமலாகி நான் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் சர்க்கார் கடிகாரத்தை மாற்றியது. உங்களுக்கும் தெரிந்த கதைதான். யுத்தத்தை முன்னிட்டு, தேசம் முழுவதும் மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும்... நானும் வீட்டுக்கு வந்து டைம்பீஸின் முள்ளைத் திருகினேன். பாக்கியம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்ன பண்ணுறீங்க?"

"ஏழு மணியை எட்டு மணியாக்குறேன்."

"அப்ப ஏழு மணி எங்க போச்சு?"

"யுத்தத்துக்குப் போயிருக்கு."

"அது சரி" என்றாள். அந்த 'அது சரி'யை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஏனென்றால் மணி எட்டு. பால் நேரம். பாக்கியம் பாலை ஆற்றிச் சங்கில் ஊற்றினாள். சிவகாமி அகப்பையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவது வாயை என் வேட்டியில் துப்பினாள். அப்புறம் வாயை இறுக்கிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு அழுதாள். பசி அழுகை. பாக்கியம் பால் பாத்திரத்தை எடுத்தாள். நான் சுவரைக் காட்டினேன்.

"அவ வயித்துக்கு இப்பத்தாங்க எட்டு மணி."

"சர்க்காருக்கு ஒன்பது ஆயிருச்சு."

"சர்க்காரா பால் குடிக்குது?"

நான் டைம்பீஸுக்குச் சாவி கொடுக்கப் போனேன்.

குழந்தை அரைமணி நேரம் அழுது, களைத்துத் தூங்கினாள். நாலு நாளில் பழகிவிடும் என்றேன். நாலு நாள் ஆயிற்று. பழகவில்லை. எட்டு மணிக்குத் துப்புவதும் ஒன்பது மணிக்கு அழுவதும்தான் பழகியது.

'அட்டவணையில் எட்டை அடித்து ஒன்பது என்று எழுதினால் தீர்ந்தது... இதற்குப் போய் ஒரு பத்தியா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாக்கியமும் அதைத்தான் கேட்டாள். நான் மாட்டேன் என்றேன். வீட்டுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்றேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிய பிறகுதான் என் குழந்தை தேறினாள். அதில் ஒரு எழுத்தைத் தொட்டால் மறுபடியும் அந்த நாலாம் நாள் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒழுங்கு என்று சொன்னேன். ஆண்பிள்ளைகளுக்கு இந்த வசதி உண்டு.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றது. குழந்தை மூலமாகத்தான் எல்லாம்.

"சிவகாமி, உங்கப்பாட்டச் சொல்லு... நீ இன்னும் வெளையாண்டுக்கிட்டு இருக்கேன்னு."

"சிவகாமி, உங்கம்மாட்டச் சொல்லு... மணி எட்டே பத்து."

சிவகாமி பாரபட்சம் காட்டவில்லை. இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள்.

ஆபீஸில் என் பக்கத்து மேஜை காதர் அண்ணன். டவுனிலிருந்து தினம் சைக்கிளில் வருகிறவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தம்பி, ஆபீஸுக்கு நான் புது மணிக்குத்தான் வாரேன். சம்பளம் குடுக்குறவன் சொல்றான், வந்துதான ஆகணும்? ஆனா தொழுகைக்குச் சூரியனைத்தான் பாக்குறேன். அது சர்க்குலர் படிக்கிறதில்ல."

"குழந்தை விஷயம் வேற அண்ணே."

"ஆமா, வேறதான். அது சம்பளமும் வாங்கல."

எனக்குப் புரிந்தது. புரிவதற்கும் ஒத்துக்கொள்வதற்கும் நடுவே தல்லாகுளத்துக்கும் உசிலம்பட்டிக்கும் உள்ள தூரம் இருக்கிறது. நான் தல்லாகுளத்திலேயே நின்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கூடத்தில் டிரங்குப் பெட்டி.

"வெள்ளிக்கிழமை எங்க அண்ணன் வாராரு. நானும் புள்ளையும் அவரோட ஊருக்குப் போறோம்" என்றாள் பாக்கியம். இந்தத் தடவை குழந்தையிடம் சொல்லவில்லை. நேராக என்னிடமே சொன்னாள்.

"எப்ப திரும்பி வருவே?"

"யுத்தம் முடியட்டும்."

"யுத்தம் எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்?"

"எங்க ஊருல கடியாரமே கெடையாது. புள்ள பொழச்சுக்கும்." குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் காப்பைப் பாருங்க. போன வாரம் இறுக்கிப் புடிச்சுச்சு. இப்பக் கழண்டு விழுது."

நான் காப்பைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. டைம்பீஸைப் பார்த்தேன்.

மறுநாள் புதன்கிழமை. எட்டு மணி அடித்ததும் சிவகாமிக்குச் சங்கு. வழக்கம்போல இரண்டு வாய், ஒரு துப்பல். அதே சமயம் என் தட்டும் வந்தது. சோறு, கத்தரிக்காய்க் குழம்பு.

"சாப்பிட வாங்க."

"இப்பத்தான எட்டு? பசிக்கல. கொஞ்சம் போகட்டும்" என்றேன்.

"சரி."

எட்டேகால் ஆயிற்று. பாக்கியம் தட்டை எடுத்தாள். சோற்றைப் பானையில் திருப்பிப் போட்டாள். பானையில் தண்ணீரை ஊற்றினாள். குழம்புச் சட்டியை உறியில் ஏற்றினாள். சோற்றில் தண்ணீர் ஊற்றினால் அடுப்படி அன்றைக்கு அடைத்தாயிற்று என்று பொருள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததால் எதையும் சரியாகக் கவனிக்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பசித்தது. நன்றாகவே பசித்தது.

"தட்டு வை."

பாக்கியம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே படிங்க. எட்டேகாலுக்கு மேல என்ன போட்டிருக்கு?"

படித்தேன். "காலை ஆறு மணி வரை ஒன்றும் கொடுக்கலாகாது."

"கீழ யாரு கையெழுத்து?"

"என்னுது."

"கடியாரத்தை மாத்துனதுலயிருந்து தெனம் ஒம்பது மணிக்குத்தாங்க சாப்பிடுறீங்க. உங்க வயிறு பழைய மணியில இருக்கலாம். ஒம்பது மாசப் புள்ள வயிறு மட்டும் சர்க்கார் உத்தரவைக் கேக்கணுமா?"

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். அந்த நேரம் பார்த்துச் சிவகாமி அழ ஆரம்பித்தாள். கடிகாரம் மாறிய நாளிலிருந்து அந்த அழுகையைக் கேட்டிருக்கிறேன். பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன். பசித்த வயிற்றோடு கேட்டபோதுதான் அது பசி என்று தெரிந்தது.

எழுந்தேன். அடுப்பில் கிடந்த கங்கை ஊதிப் பாலைச் சூடு பண்ணினேன். ஆற்றினேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினேன். பாக்கியம் ஒரு கணம் யோசித்துவிட்டுக் குழந்தையை என் மடியில் போட்டாள்.

"தலையைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க. கடவாயில ஊத்துங்க. மெதுவா... மெதுவா."

சிவகாமி குடித்தாள். ஒரு சங்கு, இரண்டு சங்கு, மூன்று... துப்பவில்லை. குடிக்கும்போது என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் என் முகத்தையே பார்த்தாள். கையிலிருந்த காப்பு முழங்கை வரை நழுவி இறங்கியது. இத்தனை மாதமாகத் தினமும் ஐந்து வேளை இந்தக் குழந்தைக்குப் பால் கொடுக்க வைத்தவன் நான். ஒரு வேளை கூட அவள் குடிப்பதை இப்படிப் பார்த்ததில்லை. டைம்பீஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஆழாக்கும் காலி. கண் சொருகிவிட்டது.

பேனாவை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனேன். எல்லா மணியையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு மணி கூட்டி எழுதினேன். எட்டு, ஒன்பது ஆயிற்று. ஒவ்வொரு திருத்தத்துக்கும் இனிஷியல் போட்டேன். விதி விதிதான்.

"வெள்ளிக்கிழமை உங்கண்ணன்..." என்று இழுத்தேன்.

"வரட்டும். சாப்பிட்டுட்டுத் தனியாப் போகட்டும். பெட்டி கனமாயிருக்கு, நீங்களே பரண்ல ஏத்திருங்க."

ஏற்றினேன். வெறும் வயிற்றோடு டிரங்குப் பெட்டி தூக்குவது லேசான காரியம் இல்லை. இறங்கி வந்து உறியைப் பார்த்தேன். பாக்கியம் என்னைப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்தியாச்சுங்க. விடியட்டும், வெங்காயம் வச்சுத் தாரேன்."

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அட்டவணை போட்ட அப்பன் பழையது குடிப்பான் என்பதை யாரும் சொல்லவில்லை.